ஓட்டு அவங்களுக்கு, சண்டை நமக்கா?

(தலைப்பு: தேர்தல் நேரத்தில் நண்பர்கள் அரசியல் பேசுவது நட்பைக் கெடுக்கிறதா, வளர்க்கிறதா? ‘வளர்க்கிறதே’ என்ற அணியின் இரண்டாவது பேச்சாளர் பேசியது.)

நடுநிலை தவறாத நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! “பேசாதே, பேசாதே” என்று பதினைந்து நிமிஷம் விடாமல் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர் அவர்களே! (சிரிப்பு) கள்ளக்குறிச்சியிலிருந்தும் சின்னசேலத்திலிருந்தும், மலையிறங்கி வெள்ளிமலையிலிருந்தும் வந்து, கடைசி பஸ் போய்விடுமே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! 

எதிரணி நண்பர் எடுத்த எடுப்பிலேயே ஒரு ஆதாரம் காட்டினார். என்ன ஆதாரம்? சலூன்ல ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்று போர்டு போட்டிருக்கிறான். அனுபவசாலி எழுதி வைத்தது என்றார். ஐயா, சலூன்ல ஏன் எழுதினான்? அங்க கத்தி அவன் கையில இருக்கு, கழுத்து நம்மகிட்ட இருக்கு! (பலத்த சிரிப்பு) கழுத்துல கத்தி இருக்கும்போது எதையும் பேசக்கூடாது. அரசியல் என்ன, ஆண்டவன் பேரைக்கூடச் சொல்லக்கூடாது, தாடை ஆடும். அதுக்கும் நட்புக்கும் என்ன சம்பந்தம்? நண்பன் என்றால் யார்? கையில கத்தி இல்லாதவன்தானே நண்பன்!

அடுத்து ஜனாதிபதி தேர்தலுக்கு வந்தார். இந்த இடத்துல அவர் சொன்னதை நான் ஒத்துக்கிறேன். நமக்கு அதுல ஓட்டே கிடையாது. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் போடுவாங்க. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருத்தர் ஓட்டுக்கு மதிப்பு 176. எப்படி 176? 1971 ஜனத்தொகைக் கணக்கு எடுத்தாங்க, நாம நாலு கோடியே பன்னிரண்டு லட்சம் பேர் இருந்தோம். அதை 234 தொகுதியால வகுத்து, அப்புறம் ஆயிரத்தால வகுத்தா 176. உத்தரப் பிரதேசத்து எம்.எல்.ஏ.க்கு 208. சிக்கிம்காரருக்கு 7. சரி, நமக்கு எத்தனை? சைபர்! (சிரிப்பு) அந்த சைபரை வச்சுக்கிட்டு நம்ம ஊர் டீக்கடையில ரெண்டு பேர் சட்டையைப் பிடிச்சுக்கிறான். பந்தியில இடமே கிடைக்காத ரெண்டு பேர், வாசல்ல நின்னுக்கிட்டு சாம்பார்ல உப்பு கூடவா குறைவான்னு அடிச்சுக்கிட்ட மாதிரி!

ஆனா ஐயா, இந்தத் தேர்தல் சட்டத்தை நண்பர் முழுசாப் படிக்கல. அதுக்குள்ளேயே என் கட்சிக்கு ரெண்டு ஆதாரம் ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, ஜனாதிபதி தேர்தல்ல கட்சி கொறடா உத்தரவு போட முடியாது. சட்டசபையில கையைத் தூக்குன்னா தூக்கணும், உட்காருன்னா உட்காரணும். ஜனாதிபதி தேர்தல்ல அது கிடையாது. ரகசிய ஓட்டு. எழுதுற பேனாவைக்கூடத் தேர்தல் கமிஷனே கொடுத்துடும். அதாவது, “அப்பா, இந்த ஒரு நாளாவது நீ கட்சிக்காரனா இல்லாம மனுஷனா உள்ளே போ”ன்னு சட்டம் சொல்லுது. எம்.எல்.ஏ.க்கே கொறடா இல்லாத தேர்தல்ல, டீக்கடையில உட்கார்ந்திருக்கிற உனக்கு எவன்யா கொறடா போட்டான்? (கைதட்டல்)

ரெண்டாவது, அந்த ஓட்டுச்சீட்டுல 1, 2, 3ன்னு வரிசை எழுதலாம். எனக்கு முதல்ல இவர், இவர் இல்லேன்னா ரெண்டாவதா அவர். நம்ம தேர்தல்ல ஒரே பட்டன், ஒரே சத்தம், முடிஞ்சுது. அங்கன்னா “உங்க ஆளையும் நான் அடியோட வெறுக்கல சாமி”ன்னு எழுதிக் காட்ட இடம் இருக்கு.

இந்த ரெண்டாவது ஓட்டு ஒரு தடவை நாட்டையே ஆட்டி வச்சது. 1969. மே மாசம் ஜனாதிபதி ஜாகிர் உசேன் காலமாயிட்டார். காங்கிரஸ் கட்சி அதிகாரபூர்வமா நிறுத்தினது நீலம் சஞ்சீவ ரெட்டியை. பிரதமர் இந்திரா காந்தி, மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கன்னுட்டாங்க. சுயேச்சையா நின்னவர் வி.வி. கிரி. தி.மு.க. ஆதரவு கிரிக்கு. மூணாவதா சி.டி. தேஷ்முக். எண்ணினாங்க. கிரிக்கு 4,01,515. ரெட்டிக்கு 3,13,548. ஆனா பாதிக்கு மேல யாருக்கும் வரல. அப்புறம் ரெண்டாவது ஓட்டைப் பிரிச்சாங்க. தேஷ்முக்குக்கு விழுந்ததுல பெரும்பகுதி ரெட்டி பக்கம் போயும்கூட, 4,20,077க்கு 4,05,427ன்னு கிரி ஜெயிச்சார். சுமார் பதினாலாயிரத்து அறுநூறு மதிப்பு வித்தியாசம்! அந்த வருஷம் முடியறதுக்குள்ள காங்கிரஸ் ரெண்டாப் போச்சு.

நடுவர்: இது உங்களுக்கு எதிரான ஆதாரமா இருக்கே? கட்சியே உடைஞ்சு போச்சுங்கறீங்க.

அதைத்தான் ஐயா சொல்ல வர்றேன். கட்சி உடைஞ்சது. நட்பு? நம்ம தமிழ்நாட்டையே எடுத்துக்குவோம். 1954ல காமராஜரை எதிர்த்துத் தலைவர் பதவிக்குப் போட்டி போட்டவர் சி. சுப்பிரமணியம். தோத்துப் போனார். ஜெயிச்ச காமராஜர் என்ன செஞ்சார்? தோத்தவரைக் கூப்பிட்டு மந்திரியாக்கினார்! இன்னைக்கு வார்டு மெம்பர் தேர்தல்ல எதிர்த்து நின்னவன் வீட்டுக்குத் தண்ணிக் குழாய் வருதா பாருங்க. (சிரிப்பு, கைதட்டல்) 1969ல காமராஜர் ஒரு பக்கம், சி.எஸ். இந்திரா பக்கம். பிரிஞ்சாங்க, வாஸ்தவம். ஆனா அதுக்கு முந்தின பதினைஞ்சு வருஷம் இருக்கே, எதிர்த்து நின்னவனோட உட்கார்ந்து வேலை செய்த பதினைஞ்சு வருஷம், அதுலதான் இந்த ஊர்ல பள்ளிக்கூடம் வந்தது, அணை வந்தது.

இன்னொரு வேடிக்கை. எந்த சஞ்சீவ ரெட்டிக்காக நாடு முழுக்க அண்ணன் தம்பி முகம் திருப்பிக்கிட்டானோ, அதே சஞ்சீவ ரெட்டி 1977ல போட்டியே இல்லாம ஜனாதிபதி ஆனார். எட்டே வருஷம்! 69ல அவருக்காக மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாதவன், 77ல என்ன செஞ்சிருப்பான்? மொய்க் கவரைத் தூக்கிக்கிட்டா ஓடியிருப்பான்? (சிரிப்பு)

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம ரிஷிவந்தியத்துக்கு வாங்க. 2011ல விஜயகாந்த் நின்னு ஜெயிச்சு, எதிர்க்கட்சித் தலைவராவும் ஆனார். அப்ப அ.தி.மு.க.வும் தே.மு.தி.க.வும் ஒரே கூட்டணி. எங்க டீக்கடை பெஞ்சுல ரெட்டை இலைக்காரரும் முரசுக்காரரும் ஒரே கிளாஸ்ல டீ குடிச்சாங்க. 2012 பிறந்து ரெண்டாவது மாசம், சட்டசபையில நேருக்கு நேர் மோதல். மறுநாள் காலையில பெஞ்சுக்கு வந்தா ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில! தலைவன் கூட்டணி மாத்தினா நீ நண்பனை மாத்துவியா? அப்புறம் அடுத்த தேர்தல்ல அவங்க சேர்ந்துட்டா நீ எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போய்க் கடன் சர்க்கரை கேப்பே?

எதிரணி நண்பர் ஒரு கதை சொன்னார். 2022 ஜனாதிபதி தேர்தல்ல, கல்வராயன் மலைக்காரர் ஒருத்தரும் கச்சிராயபாளையத்து மண்டிக்காரர் ஒருத்தரும் பேச்சை நிறுத்திட்டாங்க, முப்பது வருஷ நட்பு போச்சுன்னார். ஐயா, நானும் அந்தப் பக்கத்துக்காரன். கதையைப் பாதியில நிறுத்திட்டுப் போயிட்டாரு. மீதியை நான் சொல்றேன்.

மலைக்காரர் கடுக்காய், புளி, மரவள்ளி எல்லாம் இறக்கிக்கிட்டு வருவார். மண்டிக்காரர் எடை போட்டு வாங்குவார். எடையில சண்டை வரும், விலையில சண்டை வரும், மதியம் ஒரே இலையில சாப்பாடு நடக்கும். 2022 ஜூன்ல திரௌபதி முர்மு பேரை அறிவிச்சாங்க. நாட்டுலயே முதல் முறையா ஒரு பழங்குடி அம்மா ஜனாதிபதி ஆகப் போறாங்க. மலைக்காரருக்குத் தலைகால் புரியல. மலையாளி ஜாதி ஜனம் பட்டியல் பழங்குடியில இருக்கிற மலை அது. மண்டிக்காரர் கட்சியோ யஷ்வந்த் சின்ஹாவுக்கு ஆதரவு. மலைக்காரர் வந்து, “ஏன் மாமா, எங்க ஜனத்துல ஒருத்தி மேல வர்றது உங்க கட்சிக்குப் பொறுக்கலையா?”ன்னுட்டார். மண்டிக்காரருக்குச் சுருக்குன்னு போச்சு. எட்டு நாள் மூட்டை இறங்கல.

இதோட நண்பர் கதையை முடிச்சுட்டார். ஒன்பதாம் நாள் நடந்ததைக் கேளுங்க. மழை. புளி நனையுது. வேற வழியில்லாம மலைக்காரர் இறங்கி வந்தார். மண்டிக்காரர் தராசைப் பார்த்துக்கிட்டே கட்சி சொன்ன காரணத்தையெல்லாம் ஒப்பிச்சார். கொள்கை, கூட்டணி, டெல்லி நிலவரம். மலைக்காரர் கேட்டுக்கிட்டே இருந்துட்டு, “இது உங்க கட்சி பேச்சு மாமா. உங்க பேச்சு என்ன?”ன்னார்.

மண்டிக்காரருக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. அவரை அதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. “அந்தம்மா வர்றதுல எனக்கென்னப்பா வருத்தம்? சந்தோஷம்தான். ஆனா அவங்க வந்தா உன் ஊருக்கு ரோடு வந்துடுமா? போன மாசம் உன் மருமகளைப் பிரசவத்துக்கு டோலி கட்டித்தானே தூக்கிட்டு வந்தீங்க?” அப்படீன்னார். மலைக்காரர் சொன்ன பதில் இருக்கே, எம்.ஏ. படிச்ச எனக்கு வராது. “ரோடு வராதுன்னு எனக்கும் தெரியும் மாமா. ஆனா என் பேத்தி பாடப் புத்தகத்தைத் திறந்தா எங்க சனம் ஒருத்தி படம் இருக்கும்ல?” (நீண்ட கைதட்டல்)

ரெண்டு பேர் சொன்னதும் நியாயம்தானே ஐயா! ஒருத்தர் ரோட்டைப் பார்க்கறார், ஒருத்தர் படத்தைப் பார்க்கறார். பேசாம இருந்திருந்தா இவர் அவரைச் சூதுக்காரன்னும், அவர் இவரை ஏமாளின்னும் நினைச்சுக்கிட்டே செத்துப் போயிருப்பாங்க. அந்த ஜூலை 21ல முடிவு வந்தது. முர்மு 6,76,803, சின்ஹா 3,80,177. அடுத்த வந்த ஒரு திங்கட்கிழமை, மனு நாள்ல, கலெக்டர் ஆபீஸ்ல ரெண்டு பேரையும் நானே பார்த்தேன். ரோடு கேட்டு மனு. மனுவை எழுதினது மண்டிக்காரர், கைநாட்டு மலைக்காரர். நல்ல காலம், 2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிடுச்சு. இல்லேன்னா அந்த மனுவைக் கொடுக்க விழுப்புரம் வரைக்கும் போகணும். ரோடு வந்துச்சான்னு கேக்காதீங்க. அது அடுத்த பட்டிமன்றம். (சிரிப்பு)

நடுவர்: அந்தப் பட்டிமன்றத்துக்கு நடுவரா கலெக்டரைப் போட்டுடுவோம்.

போடுங்க ஐயா, நான் வர்றேன்.

எதிரணியில இன்னொரு வாதம். அரசியல் பேசாம இருந்தா நிம்மதின்னாங்க. பேசாம இருந்த கதை அந்த மலைக்குத் தெரியும். 1947ல நாட்டுக்குச் சுதந்திரம். கல்வராயன் மலையில 1976 வரைக்கும் ஜாகிர்தார்கள் ஆட்சி. அவங்க நிலத்துல ஜனங்க கூலியில்லாம உழைக்கணும். எதிர்த்துப் பேச வாய் கிடையாது. ரொம்ப நிம்மதி! அவங்களுக்கு நிம்மதி! 1976ல அது முடிவுக்கு வந்தது. நாடு பூரா எமர்ஜென்ஸி, எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டிருந்த நேரத்துல மலைக்காரனுக்கு மட்டும் வாய் திறந்தது. அதுவும் எந்த ஆட்சியில? ஜனவரி 31ல இங்க மந்திரிசபையைக் கலைச்சுட்டாங்க, அப்ப நடந்தது ஜனாதிபதி ஆட்சி! (சிரிப்பு) அப்படிக் கிடைச்ச வாய் ஐயா. அதை மூடிக்கிட்டுக் காப்பி குடின்னு சொல்ல இவங்களுக்கு எப்படி மனசு வருது?

அமெரிக்காவுல பாருங்க, ஜனாதிபதி தேர்தல் வந்தா நம்ம பிள்ளைங்களே வீட்டுக்குள்ள ரெண்டு பிரிவாம். 2024ல கமலா ஹாரிஸ் நின்னப்ப, அவங்க தாத்தா ஊரு துளசேந்திரபுரத்துல பேனர் கட்டிக் கோயில்ல பூஜை போட்டாங்க. எதிர்ப்பக்கம் துணை ஜனாதிபதிக்கு நின்ன வான்ஸோட சம்சாரம் ஆந்திரா வழி. நியூஜெர்சியில அடுத்தடுத்த வீட்டுல இருக்கிற தமிழரும் தெலுங்கரும் இட்லி மாவு கடன் வாங்கறதை நிறுத்திட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. நிறுத்தியிருந்தா நஷ்டம் இட்லிக்குத்தான். (சிரிப்பு)

சிரிச்சது போதும். இனி நான் சொல்லப் போறதுக்குக் கைதட்ட வேண்டாம்.

பேசாம இருந்தா அந்த இடம் சும்மா இருக்காது. 2022 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஜனாதிபதி தேர்தல் ஓட்டுப்பதிவு. அன்னைக்கு நம்ம கனியாமூர்ல என்ன நடந்தது? ஒரு மாணவி இறந்து போன துக்கம். நியாயம் கேக்கணும்னு தவிச்ச ஜனம் ஒரு பக்கம். ஆனா வாட்ஸ்அப்ல சேதி பரவி, எங்கெங்கிருந்தோ கூட்டம் சேர்ந்து, பஸ்ஸு எரிஞ்சது, பள்ளிக்கூடம் எரிஞ்சது, மத்த பிள்ளைங்க சர்ட்டிபிகேட்டும் எரிஞ்சது. பக்கத்துல உட்கார்ந்து, “டேய் மாப்ள, இது நிஜமாடா? யாருடா சொன்னா?”ன்னு கேக்க ஒரு நண்பன் இருந்திருந்தா எத்தனை பையன் அன்னைக்கு வீட்டோட இருந்திருப்பான்! மாற்றுக் கருத்துள்ள நண்பன்தான் நமக்கு பிரேக். எதிரணி நண்பர் பிரேக் இல்லாத வண்டியை நிம்மதியா ஓட்டுங்கறார்.

2024 ஏப்ரல் 19ல பாராளுமன்றத் தேர்தல். இங்க கள்ளக்குறிச்சித் தொகுதியிலயும் ஓட்டுப் போட்டோம். ஜூன் 4ல முடிவு. வெடி வெடிச்சோம். சரியா ரெண்டு வாரம். கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம். அறுபதுக்கும் மேல போயிட்டாங்க. ஒரே தெருவுல வரிசையாப் பந்தல். அப்பனும் ஆத்தாளும் ரெண்டு பேருமே போன வீடும் உண்டு.

தேர்தல் நடந்த ரெண்டு மாசமும் நாம எல்லாரும் அரசியல் பேசினோம்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். பேசினோமா? டெல்லியில யாரு பிரதமர்னு பேசினோம். எத்தனை சீட்டுன்னு பந்தயம் கட்டினோம். பாக்கெட் சாராயம் எந்த சந்துல விக்குதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அதைப் பேசினோமா? ஆளுங்கட்சி நண்பன்கிட்ட சொன்னா, “எங்க ஆட்சியைக் குறை சொல்றியா?”ன்னு கோவிச்சுக்குவான். எதிர்க்கட்சி நண்பன்கிட்ட சொன்னா, நாளைக்கு மேடையில நம்ம பேரைச் சொல்லிடுவான். எதுக்கு வம்பு, நட்பு கெடும்னு விட்டோம். எந்தக் கட்சி ஆண்டப்பவும் இது நடந்திருக்கு. 2001ல பண்ருட்டிப் பக்கம் நடந்தது. 2023ல மரக்காணம் பக்கம் நடந்தது. அன்னைக்கு ஒரு கட்சிக்காரன் வாயை மூடிக்கிட்டான், இன்னைக்கு இன்னொரு கட்சிக்காரன் வாயை மூடிக்கிட்டான். முறை வச்சு மூடறோம் ஐயா, முறை வச்சு!

அந்த சாவுகளுக்கு அப்புறம்தான் ஹைகோர்ட்டு கல்வராயன் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. சாராயம் காய்ச்சற மலைன்னு சொல்றீங்களே, அங்க ரோடு இருக்கா, ஆஸ்பத்திரி இருக்கா, பிழைக்க வழி இருக்கான்னு தானாவே வழக்கு எடுத்து சர்க்காரைக் கேட்டது. அந்தக் கேள்வியை நாம கேட்டிருக்கணும். மண்டியிலயும் பெஞ்சுலயும் கரும்பு வெட்டற வயல்லயும், தி.மு.க.காரன் அ.தி.மு.க.காரனைப் பார்த்து, பா.ம.க.காரன் சிறுத்தைக்காரனைப் பார்த்து, நண்பனா உட்கார்ந்து கேட்டிருக்கணும். கோவம் வந்திருக்கும். வரட்டும்! கோவம் எட்டு நாள்ல தீரும். புளி நனைஞ்சா இறங்கி வந்துதான் ஆகணும்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

ஒரே நிமிஷம் ஐயா. பெரியாரும் ராஜாஜியும்னு எதிரணியில மெதுவா ஒரு சிட்டு எழுதிக்கிட்டிருக்காங்க, இங்கிருந்தே தெரியுது. (சிரிப்பு) அவங்க எடுக்கறதுக்குள்ள நான் எடுத்துடறேன். ராஜாஜி முதல்வரா இருந்து 1938ல ஹிந்தியைக் கொண்டு வந்தார். எதிர்த்த பெரியாரை அந்த சர்க்கார்தான் ஜெயில்ல போட்டது. 1949ல அதே ராஜாஜி கவர்னர் ஜெனரல். இன்னைக்கு ஜனாதிபதி இருக்கிற ஸ்தானம். தன் சொந்த வாழ்க்கையில ஒரு பெரிய முடிவெடுக்க ஆலோசனை கேக்கப் பெரியார் யாரைத் தேடிப் போனார்? நம்ம பக்கத்து ஊர் திருவண்ணாமலைக்கு, ராஜாஜியைத் தேடித்தான் போனார். தன் கட்சியில எத்தனையோ பேர் இருக்க, எதிரியைத் தேடிப் போனார். அதுக்கப்புறமும் 1953ல கல்வித் திட்டத்துல விட்டுக் கொடுக்காம எதிர்த்தார். 1972 டிசம்பர்ல ராஜாஜி போனப்ப, சக்கர நாற்காலியில வந்து சுடுகாட்டுல கண்ணீர் விட்டு அழுதவரும் அவர்தான். ஐம்பது வருஷம் ரெண்டு பேரும் அரசியல் பேசாமலா இருந்தாங்க?

(மீண்டும் மணி)

முடிச்சுட்டேன் ஐயா. எதிரணித் தலைவர் அவர்களே! நீங்க எந்தக் கட்சின்னு எனக்குத் தெரியும், நான் எந்தக் கட்சின்னு உங்களுக்கும் தெரியும். முதல் ஓட்டைக் கேக்கல. ரெண்டாவது ஓட்டு யாருக்கு? நிகழ்ச்சி முடிஞ்சதும் பின்பக்கம் டீ வச்சிருக்காங்க, அங்க வந்து சொல்லுங்க. சர்க்கரை என் செலவு.  (சிரிப்பு, கைதட்டல்)